தடையும் பிழைப்பும்: பெருந்தொற்றுக் காலத்தில் பிளாஸ்டிக் கட்டுப்பாடும் சிறு வணிகமும்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்கான செலவை யார் ஏற்பது, எத்தனை காலத்துக்குள் ஏற்பது என்பவற்றில் கால் நூற்றாண்டாகச் சர்ச்சை நீடிக்கிறது. மண்ணும் நீரும் கெடுவதற்கு முன் உடனே தடை செய்ய வேண்டும் என்பது ஒரு விடை. சிறு கடைகளும் சிறு ஆலைகளும் தாக்குப்பிடிக்கும் வேகத்தில்தான் மாற வேண்டும் என்பது இன்னொரு விடை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இந்தப் பழைய வழக்கு புதிய நெருக்கடியுடன் மீண்டும் விசாரணைக்கு வந்தது. தமிழ்நாட்டில் தடை நடைமுறைக்கு வந்து அப்போது பதினைந்து மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் முன்வைக்கப்பட்ட முக்கிய நிலைப்பாடுகள், அவை பிறந்த இடங்கள், அவற்றின் பலம், பலவீனம் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. திருவள்ளூர் மாவட்டம் அதற்கு எடுத்துக்காட்டாகிறது.

தறியும் ஆலையும் ஆறும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு வட்டத்தில் இருக்கிறது பொதட்டூர்பேட்டை பேரூராட்சி. இது விசைத்தறி ஊர். பக்கத்தில் அம்மையார்குப்பமும் தறிச் சத்தம் ஓயாத ஊர்தான். கூலி நெசவில் ஜவுளி முதலாளி பாவும் நூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். அந்தக் கூலிப் பணம்தான் டீக்கடைக்கும் மளிகைக்கும் இட்லிக் கடைக்கும் போய்ச் சேருகிறது. தறி நின்றால் கடைத்தெருவும் நிற்கும்.

மாவட்டத்தின் வடகிழக்கு வேறு மாதிரி. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும் உருக்கு ஆலைகளும் உள்ளன. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. பொன்னேரி வட்டத்தில் வாயலூர், புழுதிவாக்கம் பகுதியில் பிளாஸ்டிக் தொழிலுக்கென்றே ஒரு பூங்கா திட்டமிடப்பட்டது. பிளாஸ்டிக்கைத் தயாரிப்பவரும் அதில் பொட்டலம் கட்டி விற்பவரும் அதற்காக அபராதம் கட்டுபவரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள்.

இந்த இரண்டு முனைகளையும் இணைப்பது கொசஸ்தலை ஆறு. பள்ளிப்பட்டுப் பகுதி வழியாக ஓடிவரும் இந்த ஆறு, 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. மேல்பகுதி ஊர்களின் சாக்கடையில் விழும் பை, வெள்ளம் வந்தால் சென்னையின் குடிநீர் ஏரிப் பக்கம்தான் போகும். ஒரு பேரூராட்சியின் குப்பையை அந்தப் பேரூராட்சியின் தலைவலி என்று மட்டும் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

தடை வந்த வழி

தமிழ்நாட்டில் இந்த முயற்சி திடீரென்று தொடங்கியதல்ல. நீலகிரி மாவட்டம் இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டியே பிளாஸ்டிக் பைகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. 2002-இல் மாநிலம் முழுவதற்குமாகச் சட்டப்பேரவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை. மத்திய அரசு வேறு பாதையில் போனது. தடை செய்வதற்குப் பதிலாகப் பையின் தடிமனை உயர்த்திக்கொண்டே வந்தது: 1999 விதிகளில் 20 மைக்ரான், 2011-இல் 40, 2016-இல் 50. தடித்த பைக்கு விலை அதிகம், ஆகவே கடைக்காரர் இலவசமாகக் கொடுக்க மாட்டார். பழைய பொருள் பொறுக்குபவருக்கும் அது எடைக்கு எடை பயன்படும் என்பது அதன் கணக்கு. கண்ணால் பார்த்து 40-க்கும் 50-க்கும் வேறுபாடு சொல்ல முடியாது என்பது அதன் குறை.

2018 ஜூன் 5 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி சட்டப்பேரவையில் தடையை அறிவித்தார். அதே மாதம் 25-ஆம் தேதி அரசாணை எண் 84 வெளியானது. 2019 ஜனவரி 1 முதல், தடிமன் எதுவானாலும் கைப்பிடிப் பைகள், உணவு கட்டும் தாள், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், கொடி உள்ளிட்ட 14 வகைப் பொருட்களைத் தயாரிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டன. மாற்றாக வாழை இலை, பாக்கு மட்டைத் தட்டு, தாமரை இலை, துணிப் பை, காகிதச் சுருள், மண்பாண்டம், உலோக டம்ளர் போன்றவற்றை அரசு முன்வைத்தது. பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கும், ஆலையிலேயே நிரப்பி மூடி வரும் பொட்டலங்களுக்கும் விலக்கு கிடைத்தது.

கடைசியாகச் சொன்ன விலக்குதான் வணிகர்களின் மனக்குறைக்கு வேர். தெருமுனைக் கடையில் சுட்ட முறுக்கைக் கவரில் போட்டுக் கட்டினால் குற்றம்; ஆலையில் பளபளக்கும் உறையில் அடைத்து வந்த சிப்ஸ் அதே கடையில் தொங்கினால் குற்றமில்லை. 2019 ஜூன் முதல் உள்ளாட்சிகள் படிநிலை அபராதம் விதிக்கத் தொடங்கின. சிறு வியாபாரிக்கு நூறு ரூபாயில் தொடங்கியது. தயாரிப்போருக்கும் இருப்பு வைப்போருக்கும் ஒரு லட்சம் வரை போனது. பிளாஸ்டிக் தயாரிப்பாளர்கள் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பெருந்தொற்று மாற்றியவை

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் ஊரடங்கு தொடங்கியது. ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிட ஜூன் 8 வரை அனுமதியில்லை, பார்சல் மட்டும்தான். சென்னையோடு திருவள்ளூர் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு மறுபடி வந்தது. தொற்று பரவியதால் மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் இதே மாவட்டத்தின் திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் இறுதி வரை திறந்தவெளியில் நடந்தது. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 வரை பக்தர்களுக்குத் திறக்கப்படாததால், ஆடிக் கிருத்திகையை நம்பியிருந்த திருத்தணி மலையடிவாரக் கடைகளுக்கு அந்த ஆண்டின் பெரிய வியாபாரமே போயிற்று. சந்தை மூடிக் கிடந்ததால் நெய்த துணி தேங்கியது. துணி தேங்கியதால் அடுத்த பாவு வரவில்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் மின்சாரம் இலவசம் என்ற சலுகை அப்போதும் இருந்தது. ஓடாத தறிக்கு அதனால் பயனில்லை.

பார்சல் என்ற ஒரு சொல்லுக்குள் பிளாஸ்டிக் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. நான்கு இட்லியை வாழை இலையில் வைத்துத் தாளில் மடித்துவிடலாம். அது பழகிய கைவேலை. சட்னி ஒருவாறு இலைக்குள் நிற்கும். கொதிக்கும் சாம்பார் நிற்காது. அதை மெல்லிய கவரில் ஊற்றி, காற்றை அடைத்து, நூலைச் சுழற்றி ஒரு இழுப்பில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பதுதான் சிறு கடையின் வழக்கம். இதற்கு வாடிக்கையாளர் கொண்டுவரும் தூக்குவாளிதான் பழைய மாற்று. தொற்றுக்குப் பயந்த மாதங்களில் அடுத்த வீட்டுத் தூக்குவாளியைத் தொடவே கடைக்காரர் தயங்கினார். கடையின் டம்ளரில் டீ குடிக்க வாடிக்கையாளரும் தயங்கினார். ஏற்கெனவே தடையில் இருந்த கவரும் பூச்சிட்ட காகிதக் கோப்பையும் பாதுகாப்பின் அடையாளமாக மாறின.

அதே சமயம் புதிய குப்பையும் சேர்ந்தது. மூன்றடுக்கு முகக்கவசம் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆனது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில், 2020 ஜூன் முதல் டிசம்பர் வரையிலான ஏழு மாதங்களில் நாடு முழுவதும் சுமார் 33,000 டன் கொரோனா மருத்துவக் கழிவு சேர்ந்தது. வீடுகளில் கழற்றிப் போட்ட முகக்கவசங்களில் எத்தனை இந்தக் கணக்குக்குள் வந்தன என்று சொல்ல முடியாது. சாதாரணக் குப்பையோடு போனவையும் ஏராளம். அதைப் பிரித்தெடுத்த தூய்மைப் பணியாளர்களின் உடல்நலமும் இந்த விவாதத்தின் ஒரு பகுதி. பெரும்பாலான கொள்கை விவாதங்களில் அது கடைசி வரியாகவே வந்தது.

முதல் நிலைப்பாடு: தடை தளரக் கூடாது

தடையைப் பேரிடரிலும் விடக் கூடாது என்பவர்களின் வாதம் வடிகாலிலிருந்து தொடங்குகிறது. 1988, 1998 வெள்ளங்களில் பைகள் வடிகால்களை அடைத்த அனுபவத்துக்குப் பின் வங்கதேசம் 2002-இல் மெல்லிய பைகளை நாடு முழுவதும் தடை செய்தது. 2005 மும்பை வெள்ளத்துக்குப் பின்னும் இதே பேச்சு எழுந்தது. ஒருமுறை தளர்த்தினால் பழைய பழக்கம் திரும்பிவிடும், மாற்றுப்பொருள் செய்யத் துணிந்தவர்கள் நட்டப்படுவார்கள் என்பது இவர்களின் இரண்டாவது வாதம்.

ஐரோப்பிய ஒன்றியம் ஏறத்தாழ இந்த நிலையில் நின்றது. பிளாஸ்டிக் பொருள் தயாரிப்பாளர் அமைப்பு 2020 ஏப்ரலில் அவகாசம் கேட்டபோது ஐரோப்பிய ஆணையம் மறுத்துவிட்டது. ஒருமுறைப் பொருட்களுக்கான அதன் கட்டுப்பாடு 2021 ஜூலை 3 அன்று குறித்தபடி நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடும் தடையை விலக்கவில்லை. மாறாக, ஊரடங்கு தொடர்ந்துகொண்டிருந்த 2020 ஜூன் 5 அன்று, ஆலையில் மூடி வரும் பொட்டலங்களுக்கு அளித்திருந்த விலக்கை அரசாணை எண் 37 மூலம் நீக்கியது. சிறு வணிகர்களின் பாரபட்சப் புகாருக்குக் காகிதத்தில் இது ஒரு விடை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் நடைமுறையில் உள்ளது. காவல்துறையும் உள்ளாட்சியும் தொற்றுப் பணியில் மூழ்கியிருந்தபோது தடையைக் கண்காணிக்க ஆள் இல்லை. சட்டத்தில் இறுக்கமும் தெருவில் தளர்வும் நிலவினால், அதிகாரி வந்த அன்று அகப்பட்டவர் மட்டும் தண்டனை பெறுவார். அப்படி அகப்படுபவர் பெரும்பாலும் தெருவில் கண்ணுக்குத் தெரியும் தள்ளுவண்டிக்காரர். கவர் எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதைத் தேடிப் போவது கடினம். எல்லையோர ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அண்டை மாநிலத்தின் விதி வேறாக இருந்தால் தடைசெய்த பொருள் பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் உள்ளே வரும். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஆந்திரம் கூப்பிடு தூரம்.

இரண்டாம் நிலைப்பாடு: நெருக்கடி தீரும்வரை தள்ளிவை

எதிர்த்தரப்பு இரண்டு காரணங்களைச் சொன்னது: சுகாதாரம், பணம். இரண்டையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

சுகாதாரக் காரணத்துக்கு 2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வக முடிவு அடித்தளமானது. பிளாஸ்டிக் பரப்பில் கிருமி 72 மணி நேரம் வரையும் அட்டையில் 24 மணி நேரம் வரையும் கண்டறியப்பட்டதாக அது சொன்னது. உண்மையில் இது பிளாஸ்டிக்குக்கு எதிரான சான்று. ஆனாலும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பைதான் ஆபத்து என்ற அச்சமே பொதுவெளியில் பரவியது. அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் அதே மாதம் அந்நாட்டின் சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுதி, ஒருமுறைப் பிளாஸ்டிக்கே பாதுகாப்பானது என்று அறிவிக்கக் கோரியது. கலிபோர்னியா தன் பைத் தடையை 60 நாள் நிறுத்திவைத்தது. நியூயார்க் அமலாக்கத்தைத் தள்ளிப்போட்டது. இங்கிலாந்து உறிஞ்சுகுழல் தடையை ஏப்ரலிலிருந்து அக்டோபருக்கு மாற்றியது. 2020 ஜூனில் பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட சுகாதார வல்லுநர்கள், சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் மறுபயன்பாட்டுப் பாத்திரங்கள் பாதுகாப்பானவை என்று கூட்டறிக்கை விட்டனர். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், தொற்றுள்ள பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் சுகாதாரக் காரணம் வலுவிழந்துவிட்டது. 2020 ஏப்ரலில் முடிவெடுத்தவர்களுக்கு அந்த அறிவு கைவசம் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

பணக் காரணம் அப்படி வலுவிழக்கவில்லை. பாதி வியாபாரமும் இல்லாத மாதத்தில் பாக்கு மட்டைத் தட்டும் காகிதப் பையும் கவரைவிடப் பல மடங்கு விலை. அவற்றைச் செய்பவர்களும் ஊரடங்கில் முடங்கியிருந்தார்கள்; ஆகவே விலை கொடுத்தாலும் பொருள் கிடைக்காத நாட்கள் இருந்தன. நிவாரணத் திட்டங்கள் வந்தன. 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் திட்டம், பிப்ரவரி 29 நிலவரப்படி நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை புதிய கடன் தந்தது. ஏற்கெனவே வங்கிக் கடன் உள்ளவருக்குத்தான் அது பயன்பட்டது. தண்டல்காரரிடமும் ஜவுளி முதலாளியிடம் முன்பணமாகவும் வாங்கிப் பிழைப்பவருக்கு நிலுவைக் கணக்கே கிடையாது. தெருவோர வியாபாரிகளுக்கு ஜூனில் தொடங்கிய 10,000 ரூபாய்க் கடன் திட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முயன்றது. இந்த இரு கடன் திட்டங்களிலும் பிளாஸ்டிக்கிலிருந்து மாறுவதற்கென்று தனி உதவி எதுவும் இல்லை. ஒரு பக்கம் அபராதம் வந்தது, மறுபக்கம் கடன் கூடியது. இரண்டும் ஒரே கடைக்காரரின் தலையில் சேர்ந்து இறங்கின.

தள்ளிவைப்பின் பெரிய பலவீனம் அதன் முடிவு தேதி. இங்கிலாந்து போலத் தேதி குறித்துத் தள்ளிவைத்த இடங்களில் கொள்கை திரும்பி வந்தது. தேதியில்லாத தளர்வு, சொல்லாமல் கைவிடுவதற்குச் சமமாகிவிடக்கூடும்.

மூன்றாம் நிலைப்பாடு: தயாரித்தவர் பொறுப்பு

கடைக்காரரையும் வாடிக்கையாளரையும் விட்டுவிட்டு, பொருளைச் சந்தைக்கு அனுப்பியவரே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்தைச் சுவீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-இல் வகுத்தார். ஜெர்மனி 1991-இல் பொட்டலங்களுக்கான ஆணையில் அதைச் சட்டமாக்கியது. இந்தியாவில் 2011 விதிகளிலேயே இதன் சாயல் உண்டு. 2016 விதிகள் அதை விரித்தன. 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் இலக்கு, பதிவு, சான்றிதழ் என்று முறைப்படுத்தின.

சிறு வணிகத்துக்கு இது நியாயமான பாதையாகத் தெரிகிறது. செலவு சங்கிலியின் தொடக்கத்தில் விழுகிறது. நூறு ரூபாய் அபராதத்துக்குத் தள்ளுவண்டியைத் துரத்த வேண்டியதில்லை. ஆனால் இதன் எடை முழுவதும் சான்றிதழின் மேல் நிற்கிறது. சில மறுசுழற்சி ஆலைகள் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களை வழங்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023-இல் கண்டுபிடித்தது. இன்னொரு பலவீனத்தைப் பெருந்தொற்றே காட்டியது. 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது புதுப் பிளாஸ்டிக் மலிவானது. பழைய பிளாஸ்டிக்குக்குக் கிராக்கி குறைந்தது. காயலான் கடையில் விலை விழுந்தால் பொறுக்குபவர் மெல்லிய கவரைக் குனிந்து எடுக்க மாட்டார். பெயரில்லாத கவரில் வரும் சாம்பாருக்குத் தயாரிப்பாளர் யார் என்று கேட்டால் இந்த முறைக்குப் பதில் கிடையாது.

நான்காம் நிலைப்பாடு: விலை வைத்துக் குறை

தடைக்கும் தளர்வுக்கும் நடுவே, பொருளுக்கு விலை வைப்பது ஒரு வழி. அயர்லாந்து 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 சென்ட் தீர்வை விதித்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 328 என்றிருந்த பைப் பயன்பாடு 21-ஆகக் குறைந்தது. வந்த பணம் சூழல் நிதிக்குப் போனது. கடைக்காரருக்கு நட்டமில்லை, இலவசப் பை வாங்கும் செலவும் மிச்சம். தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சோதனை 2022-இல் நீலகிரியில் நடந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதன் வரம்பும் தெளிவானது. ரசீது போடும் கடைகள் உள்ள நாட்டில் தீர்வை வசூலாகும். ரசீதே இல்லாத சந்தையில் அதை வசூலிப்பவர் யார், கணக்குக் காட்டுபவர் யார்? நீலகிரிச் சோதனை ஒரே அரசு நிறுவனத்தின் கடைகளில் நடந்ததால் கணக்கு எளிதாயிற்று. வருமானம் வற்றிய பெருந்தொற்றுக் காலத்தில் ஏழை வாடிக்கையாளரிடம் பைக்குக் காசு கேட்பது எளிதான முடிவும் அல்ல.

ஐந்தாம் நிலைப்பாடு: மாற்றுப்பொருளையே தொழிலாக்கு

பிளாஸ்டிக்கைக் குறைப்பதும் உள்ளூர்த் தொழிலைக் காப்பதும் ஒன்றையொன்று தின்ன வேண்டியதில்லை என்பது ஐந்தாவது தரப்பு. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் இதன் அடையாளம். 2022 ஜூனில் கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைக்கப்பட்டது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாகவும் ஜவுளிக் கடைப் பையாகவும் தமிழர் கையில் இருந்த பொருள் இது. விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நெசவு ஊர்களுக்கு இதில் வேலை உண்டு என்ற நம்பிக்கையும் இயல்பானது.

அந்த நம்பிக்கையை அளந்து பார்க்க வேண்டும். சேலை நெய்யும் தறி பைத்துணிக்கு மாற நூல் நம்பர் மாற வேண்டும், பாவு மாற வேண்டும், முன்கூட்டியே கொள்முதல் உறுதி வேண்டும். பெரிய அளவில் பைத்துணி நெய்யும் பிற மாவட்டங்களோடு விலையில் போட்டியிடவும் வேண்டும். சூழல் கணக்கும் சிக்கலானது. டென்மார்க்கின் சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருத்திப் பையைப் பருவநிலைத் தாக்கத்தில் மட்டும் பிளாஸ்டிக் பைக்குச் சமமாக்க 52 முறை பயன்படுத்த வேண்டும். எல்லா அளவுகோல்களையும் சேர்த்தால் 7,100 முறை. அந்த ஆய்வு தெருவிலும் ஆற்றிலும் சிதறும் குப்பையைக் கணக்கில் எடுக்கவில்லை. நம் ஊர்களின் முதன்மைப் பிரச்சினையோ அதுதான். ஆகவே அந்த எண்ணை இங்கே அப்படியே பொருத்துவது தவறு. துணிப் பையை இலவசமாக அள்ளிக் கொடுத்து மூலையில் போட வைத்தால் பயனில்லை என்ற எச்சரிக்கை மட்டும் இங்கும் பொருந்தும்.

மாற்றுப்பொருள் எது என்பதே மாறிக்கொண்டிருந்தது இன்னொரு துயரம். பூச்சிட்ட காகிதக் கோப்பையையும் நான்-ஓவன் (நெய்யப்படாத) பையையும் பிளாஸ்டிக்குக்கு மாற்று என்று நம்பிச் சிறு தொழில்முனைவோர் பலர் இறங்கியிருந்தனர். இரண்டும் தடைப்பட்டியலில் இருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 அக்டோபர் 20 அன்று தீர்ப்பு வந்தது: காகிதக் கோப்பைத் தடை செல்லும், நான்-ஓவன் பையைத் திருத்தப்பட்ட மத்திய விதிகளின் வெளிச்சத்தில் மறுபடி பரிசீலிக்க வேண்டும். தடை நடைமுறைக்கு வந்து கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகளாக, தங்கள் இயந்திரம் சட்டப்படி ஓடலாமா என்பது அந்தச் சிறு ஆலைகளுக்குத் தீர்மானமாகத் தெரியாது.

குப்பையைப் பயன்படுத்துவது என்ற கிளைவழியும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் சாலை முறைக்கு 2018-இல் அவர் பத்மஸ்ரீ பெற்றார். சேர்ந்த குப்பைக்கு அது வழி சொல்கிறது. குப்பை சேராமல் இருக்க வழி வேறாகத்தான் தேட வேண்டும்.

இன்னும் தீராத கேள்விகள்

முதலாவது, அளவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2019-20 அறிக்கைப்படி நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 34.7 லட்சம் டன், தமிழ்நாட்டில் சுமார் 4.3 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவு. உள்ளாட்சிகள் தரும் கணக்கைக் கூட்டிய எண்கள் இவை. கணக்கெடுக்கும் முறை மேம்பட்டாலே எண் உயரும். ஆகவே தடைக்குப் பின் குப்பை குறைந்ததா கூடியதா என்று இவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது கடினம்.

இரண்டாவது, இழப்பு. ஊரடங்கில் மூடிய கடைகளில் பிளாஸ்டிக் தடையின் பங்கு எவ்வளவு, வாடிக்கையாளர் வராததன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. கூலி நின்றதே முதல் அடி. மாற்றுப்பொருளின் விலை அதன் மேல் விழுந்த அடி என்று கருத இடமுண்டு. இரண்டையும் ஒன்றாக்கி, தடையால்தான் வணிகம் செத்தது என்பதும், தடையால் யாருக்கும் நட்டமில்லை என்பதும் சான்றை மீறிய பேச்சு.

மூன்றாவது, இரட்டைச் சட்டம். 2021 ஆகஸ்ட் 12 திருத்தத்தின்படி மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தட்டு, கோப்பை, உறிஞ்சுகுழல், கரண்டி உள்ளிட்ட பொருட்களைத் தடை செய்தது. கைப்பிடிப் பையின் தடிமனை முதலில் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தியது. 120 மைக்ரான் பை மத்திய விதியில் அனுமதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் எந்தத் தடிமன் பையும் கூடாது. எல்லையோரக் கடைக்காரர் எந்த விதியைப் பார்த்துச் சரக்கு வாங்குவது என்ற குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் எதுவும் முற்றாகத் தவறல்ல. எதுவும் தனியாகப் போதவும் இல்லை. தடை தெளிவைத் தருகிறது, அமலாக்கத்தில் எளியவர் மேல் சாய்கிறது. தள்ளிவைப்பு மூச்சுவிட இடம் தருகிறது, தேதி இல்லையென்றால் கொள்கையையே கரைக்கிறது. தயாரிப்பாளர் பொறுப்பு நியாயமானது, போலிக் கணக்குக்கு இடம் தருகிறது. விலை வைப்பது பயன்தரும், ரசீதுள்ள இடத்தில். மாற்றுப்பொருள் வேலை தரும், கொள்முதல் உறுதி இருந்தால்.

கிடைக்கும் சான்றுகளிலிருந்து எச்சரிக்கையோடு ஒரு முடிவுக்கு வரலாம். பெருந்தொற்று வெளிப்படுத்திய பிளவு, சூழலுக்கும் பிழைப்புக்கும் இடையிலானது என்பதைவிட, அவகாசம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையிலானது என்பதே பொருத்தம். ஆலையில் மூடி வந்த பொட்டலத்துக்குத் தடை தொடங்கியபோதே விலக்கு இருந்தது. அது நீங்க ஒன்றரை ஆண்டு ஆனது. தள்ளுவண்டிக்கு அரசாணையிலிருந்து அமலுக்கு ஆறு மாதம்தான் கிடைத்தது. நட்டத்தைத் தாங்கும் கைமுதலும் அவரிடம் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாத தடையும் சரி, தளர்வும் சரி, அதே ஆட்களைத்தான் மறுபடி தாக்கும்.

ஆகவே அடுத்த நெருக்கடிக்குக் காத்திருக்காமல் விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டியவை சில உண்டு. பேரிடர் அறிவிக்கப்பட்டால் எந்தப் பொருளுக்குத் தளர்வு, யாருக்கு, எந்தத் தேதி வரை என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அபராதம் தயாரிப்பாளரிடமும் மொத்த வியாபாரியிடமும் தொடங்க வேண்டும். தெருக்கடை கடைசியில் வர வேண்டும். சிறு வணிகக் கடன் திட்டத்தில் மாற்றுப்பொருளுக்கான பங்கு இருக்க வேண்டும். மஞ்சப்பைக்கான துணியை வாங்குவதற்கு முன்கூட்டியே ஆணை கொடுத்தால், நின்றுபோன தறிக்கு அது நிவாரணமாகவும் அமையும். இவற்றில் எதற்கு எவ்வளவு செலவாகும் என்பது இன்னும் கணக்கிடப்பட வேண்டியதே. கணக்கிடும் வேலை ஊரடங்கு இல்லாத நாளில்தான் நடக்கும். அந்த நாள் இப்போது.